கடை திறந்தால் மட்டும் போதுமா?

2020-ல் கொரோனா ஊரடங்குத் தளர்வுகள் வரிசையாக வந்ததும் வியாபாரம் தானாக மீண்டுவிட்டது, திறந்த தொழில்களுக்கு இனி நிவாரணம் தேவையில்லை என்கிறது உங்கள் கட்டுரை. மதுரைக்காரனாக இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஊரடங்கு தெரியுமா? வெயில் காலத்தில்தான் கொட்டிப் பூக்கும். பறிக்கலாம், விற்கலாம், சரி. வாங்க யார் இருந்தார்கள்? சித்திரைத் திருவிழா நடக்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தையே இணையத்தில்தான் பார்த்தோம். கல்யாணத்துக்கு 50 பேர் என்றால் எத்தனை முழம் பூ போகும்? மீனாட்சியம்மன் கோயிலில் பக்தர்களை விட்டது செப்டம்பர் 1-ல். மாநிலம் முழுக்க மாவட்டம் தாண்டிப் பேருந்து ஓடியது செப்டம்பர் 7-ல். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயி அதுவரை பூ மொட்டுகளை எங்கே வைத்திருப்பார்? அன்றைக்கே விற்றாக வேண்டிய பொருள் அது.

ஹோட்டல்காரர்கள் கதை வேறு. ஜூன் 8-ல் பாதி இருக்கைகளோடு உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்தது. சொந்த ஊர் போன மாஸ்டரைக் கூப்பிட்டு, மளிகை இறக்கி முடிப்பதற்குள் ஜூன் 24-ல் மாநகரம் மறுபடி முடங்கியது. அது ஜூலை 14 வரை நீண்டது. தொற்று ஏறிக்கொண்டிருந்தது, மூடியதைத் தப்பு சொல்லவில்லை. (மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் நாம்தானே.)

ஆனால் வாடிக்கையாளர் இன்னும் அடைபட்டிருந்த தொழிலை 'திறந்த கணக்கில்' சேர்த்து, இனி நிவாரணம் தேவையில்லை என்று விடுவது சரியில்லை. கட்டுரையின் அடுத்த பகுதியை எழுதும் முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நாலு பேரிடம் பேசிப் பாருங்கள்.