நர்சரியில் புங்கங்கன்று கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா?

வீட்டு வாசலில் வைக்க ஒரு மரம் வேண்டும் என்று எந்த நர்சரிக்குப் போனாலும் முதலில் கையை நீட்டிக் காட்டுவது கோனோகார்பஸைத்தான். "சீக்கிரம் வளரும் சார், ஆடு மாடு கடிக்காது." ஆடுகூடத் தொடாத மரம் எனக்கு எதற்கு? வேர் போய்க் குழாயையும் சாக்கடையையும் உடைக்கிறது, மகரந்தம் சளியும் ஆஸ்துமாவும் கொண்டுவருகிறது என்று குஜராத் அரசு 2023-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. இங்கே இன்னும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்!

சரி, நிழலுக்கு வேறு காட்டுங்கள் என்றால் குல்மோகர். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னைத் தெருக்களில் குல்மோகர்கள் சாய்ந்து கிடந்ததை யாருமே பார்க்கவில்லையா?

புங்கன் இருக்கிறதா என்று கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மகிழம்? சீசன் இல்லையாம். மரக்கன்றுக்கு என்னய்யா சீசன்? புன்னை என்றால் புன்னகைக்கிறார்கள். வேலியோரத்துக்கு நொச்சி கேட்டதற்கு, "அதெல்லாம் யாரு சார் வாங்குறா" என்று தூரந்தா என்ற அழகுச்செடியைத் தூக்கி நீட்டுகிறார்கள். நொச்சி ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே வந்துவிடும், அதுதான் விற்க மாட்டேன் என்கிறார்களோ என்னவோ.

அப்புறம் இந்தச் சொந்தக்காரர்கள். முருங்கை வாசலில் ஆகாது, புளி பேய்க்கு, நாவல் விழுந்தால் தரை கறையாகும், வேம்பு குப்பை போடும். குப்பை போடாத மரம் எந்த ஊரில் இருக்கிறது? இலை உதிரக் கூடாது, பறவை வரக் கூடாது, ஆனால் நிழல் மட்டும் வேண்டுமென்றால் தகரக் கொட்டகை போட்டுக்கொள்ள வேண்டியதுதானே!