நாய் இல்லாதவர் காட்டில் துப்பாக்கி தூக்கக் கூடாது

செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்துவிட்டால் வட சுவீடனில் பல ஊர்களில் பாதி வேலை நின்றுவிடும். மூஸ் மான் வேட்டை தொடங்கும் நாள் அது. தச்சர், ஆசிரியை, லாரி ஓட்டுநர் என்று எல்லோரும் விடுப்பு எடுத்துக்கொண்டு விடியற்காலையில் காட்டுக்குப் போய்விடுவார்கள். சுவீடனில் அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 50,000 மூஸ் மான்கள் சுடப்படுகின்றன. நாய்களை இவ்வளவு நேசிக்கிற நீ இந்தக் கூட்டத்தோடு எப்படிப் போகிறாய் என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்கிறார்கள். நாய்களுக்காகத்தான் போகிறேன். நாய் இல்லாமல் நடக்கும் வேட்டையை எதிர்ப்பவன் நான். ஏன் என்று இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்த்து வளர்ந்த நமக்கு வேட்டை நாய் என்றால் ஓடிப்போய்ப் பிடிக்கிற நாய். இங்கே நாய் எதையும் பிடிப்பதில்லை. சுவீடனின் யெம்ட்லாண்ட் மாகாணத்தின் யெம்துண்ட் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஓநாயைப் போன்ற சாம்பல் நிறம், கன்னத்தில் வெளிர் மஞ்சள், முதுகின் மேல் சுருண்ட வால். 1946 வரை இதை நார்வேயின் சாம்பல் எல்க் (மூஸ்) நாயோடு சேர்த்தே கணக்கிட்டார்கள். அந்த ஆண்டில்தான் தனி இனமாக ஏற்றார்கள். வாரை அவிழ்த்துவிட்டதும் அது காற்றை முகர்ந்தபடி பெரிய வட்டமடித்துக் காட்டுக்குள் மறைந்துவிடும். பிறகு நெடுநேரம் சத்தமே இருக்காது. மூஸைக் கண்டால் எதிரே நின்று குரைக்கத் தொடங்கும். கடிக்கப் பாயாது, விலகியும் போகாது. முந்நூறு நானூறு கிலோ எடையுள்ள விலங்கு அந்தச் சிறிய எதிரியை முறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். மூஸ் நகர்ந்து ஓடத் தொடங்கினால் நல்ல நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு மௌனமாகப் பின்தொடரும். மூஸ் நின்ற பிறகே மறுபடி குரல் கொடுக்கும். ஓடும்போதும் குரைத்துக்கொண்டே போனால் மூஸ் மிரண்டு நிற்காமல் ஓடும் என்பது அதற்குத் தெரியும். தலைமுறை தலைமுறையாக இந்த அடக்கத்துக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

இதனால் வேட்டைக்காரருக்குக் கிடைப்பது நேரம். நின்றுகொண்டிருக்கும் விலங்கைப் பார்த்துச் சுட முடிகிறது. பசுவா காளையா, பின்னால் கன்று நிற்கிறதா என்று பார்க்க முடிகிறது. கன்றோடு இருக்கும் தாயை முதலில் சுடக் கூடாது. நாய் இல்லாமல், மரங்களுக்கு இடையே ஓடும் உருவத்தை நோக்கி விசையை இழுப்பவருக்கு இதைக் கவனிக்க அவகாசம் ஏது?

பறவை வேட்டையிலும் அப்படித்தான். பின்லாந்தின் தேசிய நாயான செந்நிற ஸ்பிட்ஸ், கேப்பர்கெய்லி என்னும் பெரிய காட்டுக்கோழியைக் கிளப்பி மரத்தில் ஏறச் செய்துவிட்டு, அடியில் நின்று வாலை ஆட்டியபடி ஒரே தாளத்தில் குரைக்கும். பறவையின் கண் முழுக்க நாயின் மேல் இருக்கும்போது வேடர் நெருங்குவார். நார்வேயின் மலைகளில் வேட்டைக்குப் போகும் செட்டர், பாயிண்டர் இன நாய்கள் குரைப்பதே இல்லை. பறவையின் மணம் பட்ட இடத்தில் ஒரு காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றுவிடும்.

இந்த நார்வே நாய்களைப் பற்றி இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். செப்டம்பர் 10 அன்று ரைப்பே என்னும் மலைக்காட்டுக் கோழியின் வேட்டை தொடங்குவதற்கு முன்பே, ஆகஸ்டில், தன்னார்வலர்கள் இதே நாய்களோடு குறித்த கோடுகளில் நடந்து மலையில் எத்தனை பறவைகள் இருக்கின்றன, எத்தனை குஞ்சுகள் பிழைத்திருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். துப்பாக்கி கிடையாது. நாய் நின்ற இடம், பறவை எழுந்த இடம், நடந்த கோட்டிலிருந்து அதன் தூரம் எல்லாம் பதிவாகும். அந்தக் கணக்கை வைத்தே ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை சுடலாம் என்று முடிவு செய்கிறார்கள். மோசமான ஆண்டில் வேட்டையையே மூடிவிடுவதும் உண்டு. சுடுவதற்கு முன் எண்ணிப் பார்க்கிற இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு தேர்ந்த கையும் சில நேரம் தவறும். காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் ஓடிவிடும். சுவீடன் சட்டப்படி மூஸ், மான், காட்டுப்பன்றி, கரடி போன்றவற்றை வேட்டையாடுபவர், சுட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வரக்கூடிய, தடம் தேடப் பழகிய நாய் ஒன்றை ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

அந்த வேலையை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். வந்தது முழங்கால் உயரம்கூட இல்லாத, கம்பி போன்ற முடியுள்ள ஒரு டாஷண்ட். சுட்ட இடத்தில் ஒடித்து வைத்திருந்த கிளையருகே அதைக் கொண்டுபோனார்கள். ஒரு கற்றை மயிர், லிங்கன்பெரி என்னும் காட்டுப்பழச் செடியின் இலையில் பொட்டளவு இரத்தம், அவ்வளவுதான். நீண்ட வாரின் முனையில் தலை குனிந்து நடந்தது. இரத்தம் அற்றுப்போன இடத்திலும் தயங்கவில்லை. குளம்பு பதிந்த மண்ணின் மணமே அதற்குப் போதும். ஓர் ஓடையைத் தாண்டி, திரும்பி வந்து, வேறிடத்தில் மறுபடி தாண்டியது. உடன் வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, வாரை இழுக்கவும் இல்லை. ஸ்ப்ரூஸ் மரத்தடியில் விலங்கு படுத்திருந்தது. அதன் வேதனை அங்கே முடிந்தது. அந்த நாய் வராமல் போயிருந்தால் அது எத்தனை நாள் கிடந்திருக்கும் என்பதை நினைக்கவே மனம் கூசுகிறது.

வேட்டையையே வெறுக்கும் நகரத்து நண்பர்களுக்கும் இந்த நாய்கள் உழைக்கின்றன. சுவீடன் சாலைகளில் வாகனம் மோதும் விலங்குகள் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 60,000-ஐத் தாண்டுகின்றன. மோதியவர் இடத்தை அடையாளமிட்டுக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். காவல்துறை அழைப்பது தேடல் நாய் வைத்திருக்கும் வேட்டைக்காரரை. நள்ளிரவானாலும் பனி கொட்டினாலும் அவர் எழுந்து வருகிறார்.

நாயைத் தனியே காட்டுக்குள் அனுப்புவது நாய்க்கு ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். ஆபத்துதான். ஓநாய்களிடம் நாய்களைப் பறிகொடுத்தவர்களின் துயரம் பெரியது. அதற்காக ஓநாயைக் கொன்று தீர்க்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. ஓநாய் நடமாட்டம் தெரிந்தால் அன்று நாயை அவிழ்க்காமல் வாரில் பிடித்தே வேட்டையாடலாம்; இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டையும், பின்லாந்தில் பயன்படுத்துகிற பாதுகாப்பு அங்கியும் இருக்கின்றன.

என் மனக்குறை வேறு. சுவீடன் சட்டம் பழகிய நாய் வேண்டும் என்கிறதே தவிர, அந்த நாய் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. நார்வேயில் மூஸ், செம்மான், ரோ மான் வேட்டைக்கு அங்கீகாரம் பெற்ற தேடல் நாய் கட்டாயம். பெரிய விலங்குகளை வேட்டையாடுகிற மனிதரும் அங்கே ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். சுவீடனும் இந்த இரண்டையும் சட்டமாக்க வேண்டும். ஆளரவமற்ற வடக்கில் தேர்வு பெற்ற நாய்க்கு எங்கே போவது என்கிறார்கள். வடக்கில்தான் அந்த நாய் அதிகம் தேவை. நான்கைந்து குழுக்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்து ஒரு நாயைப் பழக்கலாம். துப்பாக்கிக்கும் தொலைநோக்கிக்கும் செலவழிப்பவர்களுக்கு இது பெரிய தொகை இல்லை.

இந்த இலையுதிர்காலத்தில் முதல்முறையாக ஒரு வேட்டைக் குழுவில் சேரப்போகும் நண்பர்களுக்கு: உங்கள் தேடல் நாய் யாருடையது, எந்தத் தேர்வில் தேறியது, முதல் நாள் காலை அது எங்கே இருக்கும் என்று குழுத் தலைவரிடம் நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்காதீர்கள்.