வெளிமுட்டை நண்டை வாங்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் நீலக்கால் நண்டு வாங்கினேன். மீன்கார அக்கா ஒன்றைத் திருப்பிப் போட்டு, வயிற்று மடிப்புக்கு வெளியே பஞ்சு மாதிரி பிதுங்கியிருந்த கருஞ்சாம்பல் உருண்டையைக் கத்தியால் வழித்துக் கழிவுக் கூடையில் தள்ளிவிட்டு, "இது ருசிக்காது தம்பி" என்றார். அந்த ஒரே வழிப்பில் போனது பல லட்சம் முட்டை. வீடு வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

நாம் ஆசைப்பட்டுத் தேடுகிற சினை ஓட்டுக்கு உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இருப்பது. வெளியே வந்துவிட்ட முட்டையை இங்கே யாரும் விரும்பித் தின்பதில்லை. அது முதலில் மஞ்சளாக இருக்கும், உள்ளே குஞ்சின் கண் வளர வளரக் கறுத்துக்கொண்டே போகும். நான் பார்த்த நிறத்துக்கு வந்துவிட்டால் பொரிய இன்னும் சில நாள்தான். பொரிந்து வருவதும் நண்டு போலவே இருக்காது, முள் முளைத்த சின்னப் புள்ளி ஒன்று. கடலில் மிதந்தபடியே பலமுறை தோலுரித்து, சில வாரம் கழித்துத்தான் நண்டாகிக் கடலின் அடித்தரைக்கு இறங்கும். அதற்குள் ஏறக்குறைய எல்லாமே எதற்காவது இரையாகிவிடும் என்பதால்தான் தாய் அத்தனை லட்சம் சுமக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம்தான் இருக்கிறதே என்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், 2017-க்கு முன்னால் 45 நாள்தான். நல்ல ஏற்பாடு, விசைப்படகுத் தொழிலாளிகள் அதற்காக வருமானமில்லாமல் கரையில் கிடக்கிறார்கள். ஆனால் நம்முடைய சூடான கடலில் இந்த நண்டு வருடம் முழுக்க முட்டை வைக்கிறது. தவிர, தடை நாட்டுப்படகுக்குக் கிடையாது, நண்டு வலை போடுவதில் அவர்கள் நிறையப் பேர். அவர்களையும் தடுத்து வயிற்றில் அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இந்த நண்டில் பெண் சிக்கினால் கடலிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும். இங்கே அது சரிப்படாது, வலையில் சிக்கிய நண்டைப் பிரிக்கும்போதே கால் ஒடிந்துவிடும், பிறகு கடலில் விட்டு என்ன பயன்? தாய்லாந்துக் கடலோர ஊர்களில் நண்டு வங்கி என்று நடத்துகிறார்கள். முட்டை நண்டைக் காற்றுக்குழாய் போட்ட கடல்நீர்த் தொட்டியில் சில நாள் வைத்திருந்து, பொரிந்ததும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். தாய் பிழைத்திருந்தால் அப்புறம் விற்றுக்கொள்ளலாம், மீனவருக்குப் பெரிய நட்டமில்லை. தொட்டி, மோட்டார், ஒரு ஆள், அவ்வளவுதான் செலவு. இதை நம் பாக் நீரிணைக் கரையில் ஊருக்கு ஒன்றாக ஏன் வைக்கக்கூடாது?

இந்த வாரம் அக்காவிடம் வெளிமுட்டை நண்டு எனக்கு வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னும் நாலு பேர் இப்படிச் சொன்னா நான் ஏலத்துலயே அதை எடுக்க மாட்டேன் தம்பி" என்றார். அந்த நாலு பேராக நீங்கள் இருங்கள்.