தொந்தரவே இல்லாதவர்

பெரியம்மாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஒரே பாராட்டுதான். "அவங்களால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லைங்க, ரொம்ப அமைதி." முதல் சில மாதங்கள் அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. வீட்டில் இருந்தவரை வாய் ஓயாதவர் அவர். சரியான சண்டைக்காரி.

வயதானவர்களுக்கு வரும் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வெளியே தெரிவதில்லை. பசியில்லை, உடம்பு வலிக்கிறது, தூக்கம் வரவில்லை என்றுதான் வரும். நாமும் "வயசாயிடுச்சுல்ல" என்று முடித்துவிடுவோம். காது மந்தமானதால் பேச்சை விட்டு ஒதுங்கியவரையும் மறதிக்காரர் கணக்கில் சேர்த்துவிடுவோம். மனச்சோர்வை அறிய, ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 15 கேள்விப் படிவம் ஒன்று 1980களிலிருந்தே இருக்கிறது. (அதில் ஒரு கேள்வி, வெளியே போய்ப் புதிதாக ஏதாவது செய்வதைவிட வீட்டிலேயே இருப்பது பிடிக்குமா என்பது. கேட்டைத் தாண்ட முடியாதவர் என்ன பதில் சொல்வார்?)

சாப்பாடு, சுத்தம், மருந்து எதிலும் எனக்குக் குறையில்லை. எப்போது எழுவது, யார் பக்கத்தில் உட்காருவது, எப்போது விளக்கை அணைப்பது என்று எதையுமே பெரியம்மா முடிவு செய்வதில்லை. அதுதான் உறுத்துகிறது.

அமெரிக்காவில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு பிரிவினரிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடியை வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கும் செடி கிடைத்தது, ஆனால் தண்ணீர் ஊற்றியது செவிலியர்கள். சில வாரங்களிலேயே முதல் பிரிவினர் சுறுசுறுப்பாகவும் உற்சாகமாகவும் தெரிந்தார்கள். சின்ன ஆய்வுதான், விமர்சனமும் உண்டு. ஆனாலும் அந்தத் தண்ணீர் என் மனதை விட்டுப் போகவில்லை.

பணியாளர்களைத் திட்ட மனம் வரவில்லை. பெரியம்மா தானே பொத்தான் போட்டுக்கொள்ளப் பத்து நிமிடம் ஆகும், அவர்கள் போட்டுவிட்டால் ஒரு நிமிடம். வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் காத்திருப்பார்கள். அப்படியே போய், இப்போது அவர் விரலுக்குப் பொத்தான் பிடிபடுவதே இல்லை.

போன மாதம் ஒரு மேசை விளக்கு வாங்கி, சுவிட்ச் கைக்கு எட்டும்படி கட்டிலருகே வைத்துவிட்டு வந்தேன். நேற்று போனில் முதல் புகார் வந்தது. இரவு பத்து மணிக்கு மேலும் விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறாராம். கேட்டால் சண்டைக்கு வருகிறாராம்.