பயறை வேக வைத்தீர்களா, இல்லையா?

மீன் தீவனத்தில் சோயா மாதிரிப் பயறு கூடாது என்று ஒருவர் போட்ட காணொளியை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன், போதும். ஒரு தொட்டிக்கு மீன்தூள் தீவனம், இன்னொன்றுக்கு சோயா மாவு. சோயா தின்ற மீன் வளரவில்லையாம். உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: தீவனத்தில் பயறு சேர்ப்பவன் எல்லாம் ஏமாற்றுக்காரன்.

அவர் போட்டது பச்சை சோயா. அரைத்த மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து உருட்டுவது காணொளியிலேயே தெரிகிறது. பச்சை சோயாவில் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. புரதத்தைச் செரிக்க வைக்கும் நொதியை அது வேலை செய்யவிடாது. மீன் தின்னும், உடம்பில் ஒட்டாது. சரியான சூட்டில் வேக வைத்தால் அதன் வீரியம் பெரும்பாலும் போய்விடும். பச்சைப் பயறு வேறு, பக்குவப்படுத்திய பயறு வேறு. இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். திலாப்பியா மீன் குஞ்சுகளுக்கு முதன்முதலில் தீவனம் தயாரித்தபோது அவசரத்தில் பயறை அரைகுறையாக வறுத்துப் போட்டேன். ஒரு குஞ்சு உருண்டையை வாயில் வாங்கும், துப்பும். துப்பியதை இன்னொன்று வாங்கும், அதுவும் துப்பும். எடை பார்க்கும் நாளில் ஈரத்துணியில் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்தேன். போன முறை எழுதிய எண்ணை விட்டுத் தராசு நகரவே இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் தோல் நீக்கி, ஆவியில் வேக வைத்து, காய வைத்து அரைத்தேன். அதே பயறு, அதே தொட்டி. தின்றன, வளர்ந்தன.

"சால்மனுக்குக் குடல் அழற்சி வருகிறதே" என்று ஒருவர் வருவார். வருகிறது, மறுக்கவில்லை. சோயாப் புண்ணாக்கு அதிகமானால் அட்லாண்டிக் சால்மனின் பின்குடல் பாதிக்கப்படுவது 1990களிலேயே பதிவாகிவிட்டது. அதில் சோயாவில் இருக்கும் சபோனின் என்ற பொருளுக்குப் பங்கு உண்டு, சூட்டுக்கு அது அசையாது. அதனால்தான் சோயாவை ஆல்கஹாலில் கழுவிப் புரதச் செறிவாக எடுத்துப் போடுகிறார்கள். சால்மன் மற்ற மீனைத் தின்று வாழும் மீன். கெண்டை வயிறே இல்லாமல் நீளக் குடலோடு எல்லாவற்றையும் மேயும் மீன். இரண்டுக்கும் ஒரே அளவு பயறு என்று யார் சொன்னது?

பயறில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவா? தனியாகச் சேர்க்கலாம். பயறில் உள்ள பைட்டிக் அமிலம் பாஸ்பரஸைக் கட்டிப்போடுகிறதா? அதை உடைக்கப் பைட்டேஸ் நொதி இருக்கிறது. இதற்கெல்லாம் பதில் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"மீன்தூளே போட்டுவிட்டுப் போகலாமே" என்கிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சரி, மீன்தூளில் புரதம் 60 முதல் 70 சதவீதம், சோயாப் புண்ணாக்கில் 44 முதல் 48 தான். ஆனால் ஒரு கிலோ மீன்தூளுக்கு ஏறத்தாழ நான்கைந்து கிலோ மீன் போகிறது, பெரும்பாலும் நெத்திலி மாதிரிப் பொடி மீன். 1972இல் கடல் நீரைச் சூடாக்கும் எல் நினோவும் அளவு மீறிய மீன்பிடிப்பும் சேர்ந்து பெரு நாட்டின் நெத்திலி வளத்தைச் சரித்துவிட்டன. உலகம் முழுக்க மீன்தூளுக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு மீனை வளர்க்கக் கடலிலிருந்து இன்னொரு மீனை அள்ளிக்கொண்டே இருக்க முடியாது என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

காணொளிக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார், பயறுக்குப் பரிந்து பேசுபவர்கள் எல்லோரும் காசு வாங்கியவர்கள் என்று. மாதக்கணக்கில் விடிகாலை எழுந்து தொட்டி கழுவி, மிஞ்சிய தீவனத்தை வடிகட்டி எடுத்து எடை போட்டு, இறந்த குஞ்சைக் கூட எண்ணி எழுதிய கை இது. அந்த வரி எனக்கு வலித்தது. பயறு தோற்ற சோதனையையும் நான் மறைக்காமல்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

காணொளி போட்டவரிடம் அங்கேயே ஒன்றுதான் கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன்: "பயறை வேக வைத்தீர்களா?" கேட்டு மூன்று நாள் ஆகிறது. அதற்குக் கீழே இருந்த பாராட்டுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறார். இன்று காலை பார்த்தால் என் கேள்வியைக் காணோம்.