கல் பங்களாவில் சல்லிவன் ஆவியா?

மேலே ஒருவர், ஊட்டி கல் பங்களா வெள்ளைக்காரர் காலத்துக் கோட்டை, ஜான் சல்லிவன் அங்கேயே இறந்தார், அவர் ஆவிதான் ராத்திரியில் நடமாடுகிறது என்று எழுதியிருக்கிறார். அண்ணே, கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் அங்கே சாகவே இல்லையே!

முதலில், அது கோட்டை இல்லை. கோவை கலெக்டராக இருந்த சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கிய குடியிருப்பு, அவ்வளவுதான். இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அவர் 1841-இல் இந்தியாவை விட்டே போய்விட்டார். இறந்தது 1855-இல், இங்கிலாந்தில். கல்லறையும் அங்கேதான், லண்டனுக்கு மேற்கே அப்டன் என்ற ஊரில்.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். 1838-இல் இறந்த அவர் மனைவி ஹென்ரியட்டாவையும் ஒரு மகளையும் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தில்தான் புதைத்திருக்கிறார்கள். பின்பக்கச் சரிவில் பாசி பிடித்த கல்லறைகளுக்கு நடுவே சல்லிவன் என்ற பெயரைப் பார்த்தவர்கள், அது அவருடையதுதான் என்று நினைத்திருப்பார்கள். (அந்தத் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனையிலிருந்து வந்தவை. பேய்க்கதை கட்ட அது இன்னும் தோதான இடம்!)

பேய் உண்டா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சல்லிவன் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.