பழைய பிஎச்பி தானே என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை என் பேச்சின் முடிவில் நடந்ததை இங்கே நீட்டி விபரிக்கப் போவதில்லை. மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் அந்தக் காணொளி எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருப்பதால் இந்நேரம் தெரிந்திருக்கும். ரியாக்ட் என்னும் நிரல் நூலகத்தில் எழுதிய செயலிகளைச் சேர்வரிலேயே ரெண்டர் செய்வது, அதாவது பக்கத்தை வாசகரின் உலாவியில் அல்லாமல் அதை அனுப்பும் கணினியிலேயே எழுதி முடிப்பது பற்றி நான் இருபது நிமிடம் பேசி முடித்ததும், பின்வரிசையில் இருந்த மூத்தவர் ஒருவர் எழுந்து, சேர்வரில் ஓடும் பழைய நிரல்மொழியான பிஎச்பியை இழுத்து, "தம்பி, இதைத்தானே நாங்கள் அந்தக் காலத்திலையே பிஎச்பியிலை செய்தனாங்கள், இதுக்கு ஏன் ஒரு பேச்சு" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். காணொளியில் நான் சிரிப்பதும் தெரிகிறது. அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.

நான் அன்று சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பக்கம் வரும்போதே எழுத்தோடு வரவேண்டும். இன்று நம்மவர் செய்யும் பெரும்பாலான தளங்கள் வாசகருக்கு முதலில் அனுப்புவது பக்கத்தின் எழுத்து இருக்கவேண்டிய, ஆனால் வெற்றான ஒரு எச்டிஎம்எல் கோப்பும், அதன் பின்னால் உலாவியில் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டின் ஒரு பெரிய மூட்டையுமே. அந்த மூட்டையைத் தொலைபேசி இறக்கி, அவிழ்த்து, இயக்கி, அதன் பிறகு தரவைக் கேட்டு வாங்கித்தான் முதல் எழுத்தைத் திரையில் காட்டுகிறது. புதிய தொலைபேசியில், அலுவலக வைபையில் இருந்து சோதித்துப் பார்ப்பவருக்கு இது ஒருபோதும் தெரியாது. குறிகாட்டுவான் துறையில் படகுக்காகக் காத்து நின்றபடி, விலை குறைந்த பழைய தொலைபேசியில் ஒரு கோடு சிக்னலோடு திறப்பவருக்கு அது வெறும் வெள்ளைத் திரை.

இனி பிஎச்பிக்கு வருகிறேன். ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995 இல் அதை வெளியிட்ட நாள் முதல் அது சேர்வரில்தான் எச்டிஎம்எல் எழுதிவருகிறது. அதை யார் மறுத்தார்கள்? நானும் பிஎச்பியில் சோறு தின்றவன்தான். ஆனால் அங்கே சேர்வர் எழுதிய பக்கம் உலாவியில் அசைய வேண்டுமென்றால், அதே பகுதிக்கு ஜேகுவெரி என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இரண்டாவது நிரல் ஒன்றை எழுதினோம். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தோம். நான் பேசியதில் இருப்பது ஒரே கொம்போனன்ட், அதாவது பக்கத்தின் ஒரு பகுதியை வரையும் நிரல்துண்டு. அது சேர்வரில் ஓடி எச்டிஎம்எல்லாக மாறுகிறது. பின்னர் உலாவியில் மீண்டும் ஓடி, ஏற்கெனவே வந்திருக்கும் பக்கத்தை அழிக்காமல் அதன் பொத்தான்களுக்கு உயிர் கொடுக்கிறது. அதற்குப் பெயர் ஹைட்ரேஷன். ரியாக்ட் வெளிவந்த 2013 ஆம் ஆண்டிலேயே கொம்போனன்டைச் சேர்வரில் எழுத்துச் சரமாக மாற்றும் வசதி அதில் இருந்தது. நாம்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை. ருவிட்டர்கூட 2010 இல் எல்லாவற்றையும் உலாவியின் தலையில் கட்டிவிட்டு, 2012 இல் மீண்டும் சேர்வருக்குத் திரும்பியது. முதற் பக்கம் வரும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக அவர்களே எழுதினார்கள். அவர்களைப் பார்த்து யாரும் "இது பழைய பிஎச்பி" என்று சிரித்ததாக நான் கேள்விப்படவில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019 இல் மரண அறிவித்தல்களுக்கான தளம் ஒன்றைச் செய்தேன். முழுவதும் உலாவியிலேயே ரெண்டர் ஆகும் தளம். பார்க்க அழகாக இருந்தது. அடுத்த ஆண்டு எங்கள் பெரியப்பா காலமானபோது அவருடைய அறிவித்தலும் அதிலேயே வந்தது, அண்ணன் அதன் இணைப்பைக் குடும்பக் குழுவில் போட்டார். வட்ஸ்அப் முன்னோட்டத்தில் பெரியப்பாவின் பெயரும் இல்லை, படமும் இல்லை. தளத்தின் பெயரும் சின்னமும் மட்டுமே இருந்தன. முன்னோட்டத்தை எடுக்கும் நிரல் ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை. எச்டிஎம்எல்லில் உள்ளதை மட்டும் வாசித்துப் போகும். நான் அனுப்பிய எச்டிஎம்எல்லில் ஒன்றும் இருக்கவில்லை. ரொறொன்ரோவில் இருக்கும் மாமி அதை விளம்பரம் என்று நினைத்துத் திறக்கவே இல்லை, செய்தி அவருக்கு ஒரு நாள் பிந்தித்தான் தெரியவந்தது. அவர் தொலைபேசியில் அழுதுகொண்டு கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த விடை தொழில்நுட்ப விடை மட்டுமே. பக்கம் எழுத்தோடு வரவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அன்று தொடங்கியது.

"கூகிள் இப்போது ஜாவாஸ்கிரிப்டை இயக்குகிறதே" என்று ஒருவர் கருத்திட்டிருந்தார். இயக்குகிறது, தேடலுக்காகப் பக்கங்களை வாசிக்கும் கூகிளின் நிரல் 2019 முதல் குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியத்தின் புதுப்பித்த பதிப்பிலேயே இயக்குகிறது. எங்கள் மாமி கூகிள் அல்லர்.

சேர்வர் செலவு கூடும் என்பவர்களுக்கு: மாறாத பக்கங்களை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம், மரண அறிவித்தல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. உள்நுழைந்து பார்க்கும் நிர்வாகப் பக்கங்களுக்கு இது தேவையில்லை என்பவர்களுக்கு: ஆம், தேவையில்லை, நானும் அப்படித்தான் சொன்னேன், காணொளியை வெட்டியவர் அந்தப் பகுதியையும் வெட்டிவிட்டார். 2025 டிசம்பரில், சேர்வரில் மட்டும் ஓடும் ரியாக்ட் சேர்வர் கொம்போனன்டுகளில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டையைக் காட்டி மிரட்டுபவர்களுக்கு: அது 10 க்கு 10 அபாயம் பெற்ற ஓட்டைதான், உடனே புதுப்பிக்க வேண்டியதுதான், ஆனால் பிஎச்பியில் ஓடும் வேர்ட்பிரஸ் தளங்களைப் பத்து வருடமாகப் புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லும்போது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஹைட்ரேஷன் பற்றிய குற்றச்சாட்டு மட்டும் உண்மையிலேயே வலிக்கிறது, ஏனென்றால் அது சரி. எழுத்து முதலில் வந்தாலும் அதே மூட்டை பின்னால் வரத்தான் செய்கிறது. அதுவரை பொத்தானை அமத்தினால் ஒன்றும் நடக்காது. ரியாக்ட் 18, 2022 மார்ச்சில் பக்கத்தைத் துண்டு துண்டாக அனுப்பவும், வாசகர் தொடும் பகுதியை முதலில் உயிர்ப்பிக்கவும் வழி செய்தது. அதனால் நோவு குறைந்ததே தவிர மாறவில்லை. நான் பட்டதும் இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் தளத்தில் "இன்று எத்தனையாம் திருவிழா" என்று காட்டும் கொம்போனன்ட் ஒன்றை எழுதினேன். சேர்வரின் கடிகாரம் உலக நேரத்தில் இருந்தது, நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம். நள்ளிரவு தொடக்கம் காலை 5.30 வரை சேர்வர் நேற்றைய திருவிழாவை எழுதியது; இங்குள்ள உலாவி அதை மறுத்து இன்றையதை எழுதியது. காலை ஏழு மணிக்குச் சேர்வர் சரியாக எழுதியதை, ரொறொன்ரோவில் இன்னும் முதல்நாள் இரவு என்பதால், அங்குள்ள உலாவி பிழையாக மாற்றியது. இரண்டு இடத்திலும் நேர வலயத்தை 'ஏசியா/கொழும்பு' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் ஐயர் எனக்கு அழைப்பெடுப்பதை நிறுத்தினார். இந்தக் கதையையும் அன்று சொல்ல வைத்திருந்தேன். சிரிப்புக்குப் பிறகு சொல்ல மனம் வரவில்லை.

உண்மையில் அந்த மூத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருக்கிறது, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதைவிட, கொழும்பிலிருந்து ஒருவர் வந்து இதே இருபது நிமிடத்தை ஆங்கிலத்தில் பேசியிருந்தால் குறிப்பெடுத்திருக்கக் கூடிய மண்டபம், தமிழில் பேசிய உள்ளூர்க்காரனைப் பார்த்துச் சிரித்தது என்ற எண்ணம்தான் நித்திரையைக் கெடுக்கிறது. "யாழ்ப்பாணத்துக்கு இது காணும்" என்று யார் எப்போது முடிவெடுத்தார்கள்?

முன்வரிசையில் ஒரு மாணவி கை உயர்த்தியிருந்தார். சிரிப்பு எழுந்ததும் கையை இறக்கிவிட்டார். அது காணொளியில் இல்லை. அன்றிரவு தன் கேள்வியை எனக்கு எழுதியிருந்தார்: சேர்வரில் ஒரே நிரல் எல்லோருக்காகவும் ஓடும்போது, ஒருவருடைய தரவு இன்னொருவருடைய பக்கத்தில் போய் விழாதா? விழும், தங்கச்சி. பயனரின் தரவை வைத்திருக்கும் ஸ்டோரைக் கோப்பின் தலையில் ஒருமுறை உருவாக்கி வைத்தால் கட்டாயம் விழும்; ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக உருவாக்க வேண்டும். மாதிரி நிரலை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.